மண்டைக்குப் போகாத சர்க்கரை

உடம்பெல்லாம் சர்க்கரை, மண்டைக்கு மட்டும் போகவில்லையாம். டாக்டர் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். எனக்கு இனிப்பு நீர் வந்து பல வருஷம் ஆகிறது. 'சர்க்கரை கூடிப்போச்சு, கூடிப்போச்சு' என்று கேட்டுக் கேட்டே காது புளித்துப்போனவள் நான். இப்போது பத்தவில்லை என்று ஒருத்தி வந்து சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் மணியம் மட்டும் சிரிக்கவில்லை.

என் பெயர் சரோஜா. மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறோம். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். ஓட்டினேன் என்று எழுத வேண்டும், கை வரமாட்டேன் என்கிறது. எங்கள் தாமான் குடியிருப்பில் சரோஜா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, வேன் ஆன்டி என்றால் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த வீடு, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த அம்மா கேட்டைத் திறக்க நேரமாக்குவாள், எல்லாம் எனக்கு மனப்பாடம். "ஆன்டி மண்ட கம்ப்யூட்டர்லா" என்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான், மறைப்பானேன்.

இப்போது உடம்பு ஓரளவு சீராக இருக்கிறது. இதெல்லாம் எப்படி இருக்கும் என்று என்னைப் போல இனிப்பு நீர் உள்ளவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு நினைவில்லாத இடங்களை அவரிடம் கேட்டுக் கேட்டு நிரப்பியிருக்கிறேன். எது என் நினைவு, எது அவர் சொன்னது என்று நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டாம். எனக்கே சில இடங்களில் பிரிக்கத் தெரியவில்லை.

அப்போது வேன் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. கியர்பாக்ஸ் போய்விட்டது என்று அவர்தான் கொண்டுபோய் விட்டிருந்தார். என் பிள்ளைகளை வேறொரு வேன்காரர் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு ஒரே எரிச்சல். வேலை இல்லாமல் வீட்டில் அடைந்து கிடந்தால் மூளை மழுங்காமல் என்ன செய்யும் என்று அவரைத்தான் கத்திக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு காலையில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை போட்டது எனக்குத் தெரியாது, குப்பைக் கூடையில் கிடந்த இரண்டு ஊசிகளைப் பார்த்து அவர்தான் சொன்னார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, குளியலறை வாசலில் விழுந்து கிடந்தேனாம். ஆம்புலன்ஸில் என்னைப் பார்த்து நீங்கள் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டேனாம். மனுஷன் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார்.

சர்க்கரை ஏறியதும் தெளிந்துவிட்டேன். வார்டில் படுத்தபடியே எல்லாரையும் அதட்ட ஆரம்பித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டிக்குப் போர்வை இல்லை என்று வார்டு நர்ஸ் மிஸியைக் கூப்பிட்டேன். கஞ்சியில் உப்பு இல்லை என்று சாப்பாட்டுத் தள்ளுவண்டிக்காரரிடம் சொன்னேன். மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தபோது ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, ஈப்போக்காரி, நல்ல தமிழ்.

"ஆன்டி, ஊசிய ரெண்டு தடவ போட்டீங்களாம். கொஞ்சம் கேள்வி கேக்கட்டுமா?"

"கேளுங்கம்மா. நான் ஆறாம் வகுப்புல முதல் மார்க்கு."

மூன்று வார்த்தை சொன்னார், தேங்காய், மேசை, மஞ்சள் என்று. அப்புறம் கேட்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நடுவில் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். எண்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் போய் நெருக்கிக்கொண்டு நின்றன, மறுபக்கம் காலியாகக் கிடந்தது. தாள் சின்னது என்றேன். அந்த மூன்று வார்த்தையைக் கேட்டார். தேங்காய் வந்தது. அதோடு சரி. வார்த்தைகளைத் தேடி நான் ஜன்னலைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், பார்க்க வந்தவர்களின் கையிலிருந்த பைகளை எல்லாம் பார்த்தேன். கால்மாட்டிலேயே ஒரு மேசை இருந்தது, அதுகூடக் கண்ணில் படவில்லை.

அங்கேதான் எனக்கு முதல் பயம் வந்தது. ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. விழுந்த அதிர்ச்சி, பசி, தூக்கம் இல்லை என்று ஆயிரம் காரணம் சொன்னேன்.

பிறகு எத்தனை சோதனை! இரத்தம் எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், குழாய் மாதிரி இருந்த மெஷினுக்குள் தலையை விட்டுப் படம் எடுத்தார்கள். பக்கவாதம் இல்லை, கட்டி இல்லை. நல்லதுதானே என்றால் டாக்டர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போய் இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றார்.

அந்தப் படம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்கு உதவும். சர்க்கரையோடு கொஞ்சூண்டு கதிரியக்கப் பொருளை ஒட்டி, ஊசியில் ஏற்றுவார்கள். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ, அந்த இடம் சர்க்கரையை இழுக்கும். இழுத்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். இழுக்காத இடம் மங்கிக் கிடக்கும். ஆனால் அதற்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பாட்டுச் சர்க்கரை இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தால் படம் கலங்கிவிடும். வெறும் தண்ணீர் குடிக்கலாம். வேறு ஒன்றும் கூடாது.

கோலாலம்பூரிலேயே பிரிக்பீல்ட்ஸில் என் அக்கா பார்வதி இருக்கிறாள். கிள்ளானிலிருந்து காலை நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று முதல் நாளே அவள் வீட்டுக்குப் போய்விட்டோம். எனக்காக அக்காவும் பட்டினி கிடந்தாள். அப்படிப்பட்டவள் அவள். காலையில் அவர் காரை எடுத்து வந்தார். நேராக மருத்துவமனைக்குப் போனோம். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காத்திருக்கும் இடத்தில் குளிர் எலும்பைத் துளைத்தது. பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனேன். மலாய் மிஸி ஒருத்தி, நல்ல பெண், என் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். அந்தச் சின்ன மெஷினைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"மாக்சிக், பாகி தாடி ஆடா மாக்கான்?" ஆன்டி, காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள்.

"தாக் ஆடா" என்றேன். இல்லவே இல்லை.

மறுபடியும் குத்தினாள். மறுபடியும் கேட்டாள். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் குடிக்கவில்லை, உன் மெஷினை மாற்று, பொய் சொல்ற வயசா எனக்கு என்று மலாயிலும் தமிழிலும் கொட்டித் தீர்த்தேன். என் சத்தம் கேட்டு அவர் உள்ளே ஓடிவந்தார். பின்னாலேயே அக்கா. அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது.

"என்னாக்கா? நீயே சொல்லு. நான் எதாச்சும் சாப்பிட்டேனா?"

"அது சாப்பாடு இல்லடி" என்றாள். "பிரசாதம்."

"எந்தப் பிரசாதம்?"

"கோயில்ல. வர வழியில."

"எந்தக் கோயில்? நாம எங்க கோயிலுக்குப் போனோம்?"

அவர் கைத்தொலைபேசியை எடுத்து எங்கள் குடும்ப வாட்சப் குழுவைத் திறந்து என்னிடம் நீட்டினார். அக்கா அன்று காலை அனுப்பிய படம். கோயில் மண்டபம். பச்சைச் சேலையில் நான் நிற்கிறேன். நெற்றி நிறைய விபூதி. கையில் தொன்னை. கன்னம் உப்பியிருக்கிறது, வாய் நிறையச் சக்கரைப் பொங்கல். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன் வேறே.

குனிந்து பார்த்தேன். அதே பச்சைச் சேலைதான். நெற்றியைத் தொட்டேன், விரலில் விபூதி ஒட்டியது.

அவர் காரை நிறுத்தப் போயிருந்த நேரம் அக்கா என் பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறாள். குருக்கள் பொங்கலைக் கொடுத்திருக்கிறார். நான் வேண்டாம் என்றேனாம். சாமி கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, பிரசாதம் கணக்கில் வராது என்று அக்காதான் சாப்பிடச் சொல்லியிருக்கிறாள். "சாமி குடுக்கறது எப்படிடி சாப்பாடு ஆவும்?" என்று அந்த இடத்திலும் கேட்டுக்கொண்டே அழுதாள். மிஸிக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு அக்கா மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலை. நான் வாய்க்குள் நாக்கை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைவாய்ப் பல்லிடுக்கில் ஒரு முந்திரித் துண்டு சிக்கியிருந்தது. பொங்கலின் ருசி வாயிலேயே இருந்தது, ஏலக்காய் வாசம்கூட. கோயிலை மட்டும் காணோம். செருப்பைக் கழற்றியது, மணி அடித்தது, குருக்களின் முகம், ஒன்றுமே இல்லை. யோசித்தால் மங்கலாகவாவது ஏதாவது வரவேண்டாமா? வரவில்லை. நான் செத்துப்போனால்கூட இவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சத்தியம் செய்யாத குறையாகக் கத்தியவளும் நான்தானே.

படம் எடுப்பதை வேறு தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். மறுபடி போன அந்தத் தடவை அவர் என் கையைப் பிடித்த பிடியை விடவேயில்லை. அக்கா வாசல்வரை வந்துவிட்டு, தானாகவே வீட்டில் நின்றுகொண்டாள். பில் எவ்வளவு என்று கேட்டால் இரண்டு பேரும் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஊசி போட்ட பிறகு விளக்கை மங்க வைத்து ஓர் அறையில் படுக்கச் சொன்னார்கள். பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. பேசாமல் படுப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மெஷின் ஒன்றும் வலிக்கவில்லை. பயப்படாதீர்கள்.

முடிவைச் சொல்ல அந்த ஈப்போ டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். கணினித் திரையில் இரண்டு மூளை. ஒன்று வேறு யாரோ நல்ல உடம்புக்காரருடையது, சிவப்பும் மஞ்சளுமாகத் தகதகவென்று இருந்தது. மற்றது என்னுடையது. முன்பக்கம் பரவாயில்லை. காதுக்கு மேலே, பின்னால், இரண்டு பக்கமும் நீலமாகக் கிடந்தது.

"மூளை உடம்புல சின்ன இடம்தான் ஆன்டி. ஆனா நாம சாப்பிடறதுல பெரிய பங்கு அதுக்குத்தான் போவுது. நீங்க தூங்கும்போதும் அது எரிச்சிட்டேதான் இருக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டியா இருக்கு. சர்க்கரைய சக்தியா மாத்தறது அதுங்கதான். இந்த நீலமா இருக்கற எடத்துல அந்த வேல சரியா நடக்கல. சர்க்கரை உள்ள போறதும் கொறஞ்சிருக்கு, எரியறதும் கொறஞ்சிருக்கு. புதுசா நடக்கறத ஞாபகத்துல சேக்கறதுக்கு வேண்டிய எடம் இதுங்கதான்."

அங்கேதான் நான் சிரித்தேன், முதலில் சொன்னேனே. சிரித்துவிட்டுக் கேட்டேன், "அப்ப நல்லா இனிப்பு சாப்பிட்டா சரியாயிடுமா?"

"ஐயோ, இல்ல ஆன்டி! சர்க்கரை இல்லாம இல்ல. உங்க ரத்தத்துலதான் நெறைய இருக்கே. இருக்கறத எடுத்து எரிக்க முடியல."

"டாங்கி நெறைய டீசல் இருக்கு. இன்ஜெக்டர் அடைச்சிக்கிச்சு."

டாக்டர் சிரித்தார். "கிட்டத்தட்ட அப்படித்தான்." உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஆனா வேன்ல மாதிரி இத மாத்த முடியாது ஆன்டி. இது அல்சைமர்."

அது வயசான வெள்ளைக்காரர்களுக்கு வருகிற வியாதி என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! எனக்கு இன்னும் தலைமுடியே முழுசாக நரைக்கவில்லை. இனிப்பு நீரால் வந்ததா என்று கேட்டேன். இனிப்பு நீர் இருந்தால் வாய்ப்பு கூடும், ஆனால் இருக்கிற எல்லாருக்கும் வருவதில்லை, இல்லாதவர்களுக்கும் வருகிறது என்றார். சக்தி குறைந்ததால் செல் சாகிறதா, செல் சாவதால் சக்தி குறைகிறதா, அமிலாய்டு என்கிற புரதக் கசடு சேர்ந்து இரண்டையும் கெடுக்கிறதா என்று ஆராய்ச்சி செய்கிறவர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். மறதி வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே இந்தச் சக்திக் குறைவு தொடங்கியிருக்கலாம் என்றார். அப்படியென்றால் நான் 'கம்ப்யூட்டர்லா' என்று பெயர் வாங்கிக்கொண்டு திரிந்தபோதே உள்ளே விளக்கு ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்திருக்கிறது. மாத்திரை இருக்கிறது, கொஞ்ச நாளைக்குத் தாக்குப்பிடிக்க உதவும், நோயை எடுக்காது. நடக்க வேண்டும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும்.

"அப்பறம், வேன் ஓட்டக் கூடாது ஆன்டி."

மற்றதெல்லாம் காதில் விழுந்தது, இது நெஞ்சில் விழுந்தது.

ஃபெடரல் ஹைவேயில் திரும்பி வரும்போது ஆரம்பித்தேன். "பொங்கல் சாப்பிட்டத மறக்கறது வேற, வண்டி ஓட்டறது வேற. வண்டி ஓட்டறதுக்குக் கையும் கண்ணும் போதும். அதெல்லாம் எனக்கு நல்லாதான் இருக்கு. அந்த ஒர்க்‌ஷாப் ஃபோர்மேனுக்குப் போன் போடுங்க. இன்னுமா கியர்பாக்ஸ் வரல? அடுத்த வாரம் என் பிள்ளைங்கள நான்தான் ஏத்துவேன், சொல்லிட்டேன்."

அவர் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் காரைத் திருப்பினார். பெட்ரோல் அடிக்கவில்லை. ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தார்.

"வேன் ரிப்பேர் இல்ல சரோ."

"என்னா சொல்றீங்க?"

"கியர்பாக்ஸ் நல்லாதான் இருக்கு. நான்தான் கொண்டுபோய் நிறுத்தி வச்சேன். நீ தர்ஷினிய வேன்லயே விட்டுட்ட."

தர்ஷினி எங்கள் தாமானில் இருக்கும் கவிதாவின் மகள். முதலாம் வகுப்பு. ஏறி உட்கார்ந்த அடுத்த நிமிஷம் தூங்கிப்போகிற பிள்ளை. மத்தியானம் எல்லாரையும் இறக்கிவிட்டு, கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவளை மறந்து, நான் வேனை வீட்டு வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டுச் சமைக்கப் போய்விட்டேனாம். கொளுத்துகிற வெயில். அவர் குடையை எடுக்க வேனுக்குப் போனதால் பார்த்தார். பிள்ளை வேர்வையில் நனைந்து, முகம் சிவந்து, சத்தமே வராமல் அழுதுகொண்டிருந்ததாம். தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடியிருக்கிறார். பிழைத்துக்கொண்டாள். இப்போது ஒன்றும் இல்லை, பள்ளிக்குப் போகிறாள்.

என் உடம்பில் உயிர் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகள்! ஒவ்வொரு நாளும் சீட்டுக்குக் கீழேகூடக் குனிந்து பார்க்கிறவள் நான். என் கையாலா? கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அந்த நிலையத்தின் குழாயடியில் வாந்தி எடுத்தேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஏங்க எனக்கு சொல்லல?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "பாவி மனுஷா, ஏன் சொல்லல?"

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

"இப்பவே கவிதா வீட்டுக்குப் போவணும். நான் அவ கால்ல விழணும்."

"இன்னைக்கு ரொம்பக் களைச்சுப் போயிருக்க."

"இப்பவே!"

கிள்ளான் வந்ததும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு கடையில் நிறுத்தச் சொன்னேன். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், வேனில் எப்போதும் ஏதாவது கிறுக்கிக்கொண்டே வருவாள். பெரிய பெட்டியாகக் கலர் பென்சில் வாங்கினேன். கவிதா வீட்டு வாசலில் அவர் கேட்டோடு நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

கவிதா கதவைத் திறந்தாள். அவள் திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று போனேன். அவள் முகத்தில் கோபத்தையும் காணோம், ஆச்சரியத்தையும் காணோம். "வாங்க ஆன்டி, உள்ள வாங்க" என்றாள். தர்ஷினி "வேன் ஆன்டி!" என்று ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பெட்டியை அவளிடம் நீட்டினேன்.

பிள்ளை அதை வாங்கிப் பார்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, ஆன்டி மறுபடியும் அதே கலர் பென்சில்தான் வாங்கிட்டு வந்திருக்காங்க."

"தர்ஷினி, உள்ள போ" என்றாள் கவிதா அவசரமாக.

பிள்ளை போகவில்லை. டிவிக்குக் கீழே இருந்த அலமாரியைக் காட்டினாள். இதே படம் போட்ட இரண்டு பெட்டிகள் அங்கே இருந்தன. ஒன்று பிரித்தது, பென்சில்கள் பாதி தேய்ந்திருந்தன. மற்றது இன்னும் பிரிக்கவில்லை.

நான் திரும்பிக் கேட்டைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கவிதா என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கப் பார்த்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு கையையும் கூப்பி, வேனை நான் பூட்டியதையும் பிள்ளை உள்ளே கிடந்ததையும் சொல்லி, மன்னித்துவிடும்மா என்று அழுதேன். அவள் நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், முதல் தடவை கேட்பவளைப் போல முழுசையும் கேட்டாள். "பரவால்ல ஆன்டி, பிள்ள நல்லா இருக்கால்ல" என்றாள்.

வெளியே வந்து அவர் எதிரில் நின்றேன்.

"வேன வித்துடுங்க. நாளைக்கு நான் சாவி கேப்பேன். கத்துவேன், உங்களத் திட்டுவேன். குடுத்துடாதீங்க."

"குடுக்கமாட்டேன்" என்றார்.